இருவர் படகின் முன் இருக்கை

இன்று காலை திருவொற்றியூர் தேரடியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா மடியிலிருந்து ஒரு சின்னத் தைல பாட்டிலை எடுத்துத் திறந்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார். டீசல் புகையையும் அவர் காலடியில் இருந்த மீன் அன்னக்கூடையின் வாடையையும் தாண்டி அந்த நெடி என் மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாம்மா, நெடி ஒத்துக்கலையா?" என்று கேட்டு அவசரமாக மூடியைத் திருகினார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நீ தேச்சிக்கம்மா" என்றேன்.

எர்ணாவூர் தாண்டும்வரை கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது. நான் உன் வலது தோளை நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம் முழுக்க, தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் இதே தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி உன் தோளில் தேய்த்துவிட்டது நான்தான். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதுதான் மணக்கும்.

போபால் முகாமிலிருந்து இரண்டு நாள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். நீ போய் இரண்டாவது கோடை வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. வாயால் பேசிப் பழக்கமில்லை எனக்கு. நம் இரண்டு பேரில் வாயாடி நீதானே. அதனால் எழுதுகிறேன்.

உன்னை முதன்முதலில் பார்த்தது எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரம், சேச்சியின் தகரக் கொட்டகையில். சேச்சி ஆலப்புழைக்காரர். ஒரு காலத்தில் கேரளத்துக்காகக் கயாக் ஓட்டியவர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர், எங்கெங்கோ கேட்டு வாங்கிய பழைய படகுகளை வைத்துக்கொண்டு கல்லூரிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருந்தார். நான் காத்திவாக்கம். அப்பாவுக்குக் கடலில் படகு, அம்மாவுக்குக் கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிற வேலை. தண்ணீர் எனக்குப் புதிதில்லை. நீயோ ராயபுரம் கல்மண்டபத்தில் மளிகை மொத்தக்கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். கடைக்கு மேல்மாடியில் வீடு. உங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. வீட்டுக்குள் அந்த ஊர்ப் பேச்சு, படியிறங்கினால் எங்கள் பேச்சு என்று இரண்டு நாக்கு வைத்திருந்தாய். நீச்சல் மட்டும் தெரியாது.

"நீச்சலே தெரியாம இங்க இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டேன். நான் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சாயங்காலம் ஆனா எங்கப்பா கல்லாவுல குந்த வெச்சிடறாருடீ. பருப்பு மூட்டையையே பாத்துகினு இருக்கறதுக்கு இது எவ்ளோவோ மேல்."

அன்றைக்கே தண்ணீரில் விழுந்தாய். கயாக் என்றால் மெலிந்த படகு. தலையைத் திருப்பினாலே ஆடும். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த என் அப்பா, "இன்னாம்மா இது, படகா ஊசியா? மூச்சு வுட்டா கவுந்துக்கும் போல கீதே" என்று சிரித்தது உனக்கும் கேட்டிருக்கும். நீ கவிழ்ந்ததும் நான் குதித்து உன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தேன். கரையில் குப்புறக் கிடந்து அனல்மின் நிலையத்திலிருந்து வந்து கலக்கும் சாம்பல் நிறத் தண்ணீரைத் துப்பினாய். இவள் நாளைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, "தண்ணி சுடுதுடீ! ஓசியில வெந்நீர்க் குளியல்!" என்றாய். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து கொட்டகை வாசலில் நின்றாய். அந்த மாதம் பயிற்சி முடிந்த பிறகு உனக்கு நீச்சல் பழக்கினேன். அதற்குக் கூலியாக உங்கள் கடையிலிருந்து தினம் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம் வந்தது.

நம்மை இருவர் படகில் சேர்த்தது சேச்சி. ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டை உள்ள துடுப்பை ஒரே நேரத்தில் போட வேண்டும். வேகத்தை முடிவு செய்வது முன்னால் இருப்பவர். சுக்கானைக் காலால் திருப்புவதும் அவர்தான். பின்னால் இருப்பவர் அவரைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். மீனவர் வீட்டுப் பெண் நான், முன் இருக்கை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். சேச்சி உன்னை முன்னால் உட்காரச் சொன்னார். எனக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது.

"கஜாவுக்குப் பலம் உண்டு. இவளுக்குத் தாளம் உண்டு. பலம் பின்னாடி இருக்கட்டும்" என்றார் சேச்சி, என் தோளைத் தட்டி.

அவர் சொன்னது சரியென்று ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. நீ துடுப்பை இறக்கும் விதத்தில் ஒரு நிதானம் இருந்தது. பின்னால் இருப்பவளுக்கு அடுத்தது எப்போது என்ற சந்தேகமே வராது. அன்றிலிருந்து நான் உன் முகத்தைப் பார்த்ததைவிட உன் முதுகைப் பார்த்த நேரம்தான் அதிகம். கழுத்தின் இடப்பக்கத்து மச்சம், பனியனில் வியர்வை முதலில் நனைக்கிற இடம், தோள்பட்டை எலும்பு இரண்டும் மாறி மாறி ஏறி இறங்குவது எல்லாம் எனக்கு மனப்பாடம். காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் கழுத்து விறைத்திருக்கும். உங்கள் அம்மா மீன் குழம்பு வைத்த நாளென்றால் தோள் தளர்ந்து கிடக்கும். நீ வாயைத் திறக்குமுன் எனக்குத் தெரிந்துவிடும்.

சேச்சி கரையோரம் சைக்கிளில் வந்துகொண்டே மலையாளத்தில் "வலி! வலி!" என்று கத்துவார். துடுப்பை இழு என்று அர்த்தம்.

"இந்தச் சேச்சி நமக்கு தெனம் வலி வலின்னு சாபம் குடுக்குதுடீ" என்று நீ சொல்வாய். சிரித்துச் சிரித்துப் படகு ஆடும். அவர் இன்னும் சத்தமாகக் கத்துவார்.

மாநிலப் போட்டியில் ஜெயித்தோம். தேசியப் போட்டியில் வெள்ளி. போபால் ஏரியில் நடந்த முகாமுக்கு அழைப்பு வந்தது. நீ உன் அப்பாவிடம் சொன்ன அன்று நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். துணைக்கு வா என்று நீதான் இழுத்துப்போனாய். அவர் நாளிதழை மடித்து மேசைமேல் வைத்தார். நாம் பதக்கத்தோடு நின்ற படம் அதில் வந்திருந்தது.

"அரை டவுசர் போட்டுக்கிட்டு நிக்கிய. ஊர்ல இருந்து பெரியப்பா போன் பண்ணிட்டாவ. நாளைக்குப் பொண்ணு பாக்க வாற வீட்டுல இந்தப் படத்தைக் காட்டுனா என்ன சொல்லுவாவ?" என்றார்.

"மாப்பிள்ளைக்குப் படகுல எடம் இல்லன்னு சொல்லிருங்கப்பா. பின் சீட்டுக்கு ஏற்கனவே கஜா இருக்கா" என்றாய் நீ.

உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ நான்தான் கெடுத்தவள் போல. பிறகு எழுந்து கடைக்கு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் எழும்பூர் ஸ்டேஷனுக்கா சென்ட்ரலுக்கா என்று மட்டும் கேட்டாராம். அது அனுமதி என்று நீ எடுத்துக்கொண்டாய்.

முகாமில்தான் தோள் நோவு ஆரம்பித்தது. முதலில் பயிற்சிக்குப் பிறகு மட்டும் வந்தது. பிறகு தூக்கத்தில் எழுப்பியது. முகாமின் பிசியோ அழுத்திப் பார்த்தார், தசைதான், ஓட்டுகிற எல்லோருக்கும் வருவதுதான் என்றார். நாடா ஒட்டினார், ஐஸ் வைத்தார். யார் பார்த்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த முகாமில் தோள் நோகாத ஆளே கிடையாது. தைல பாட்டில் ஒன்று வாங்கி வந்தோம், அது தீர்ந்து இன்னொன்று. இந்திய அணியில் நம் இருவர் பெயரும் வந்த அன்று நீ என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, வலது கை பாதி உயரத்துக்கு மேல் வராமல், இடது கையால் மட்டும் என் கழுத்தை வளைத்தாய்.

"சும்மா புடிச்சிகினு கீதுடீ" என்றாய்.

தாய்லாந்து. நாம் இருவரும் முதன்முதலாகப் பார்த்த வெளிநாடு. ஆசிய நாடுகள் எல்லாம் வந்திருந்த போட்டி. ஏரி முழுக்க மிதவைகள் கட்டி நேர்க்கோடாகத் தடம் பிரித்திருந்தார்கள். கழியில் வலைக்கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டிய நமக்கு அது சிமெண்டு ரோடு மாதிரி இருந்தது. கஜகஸ்தான் பெண்களின் தோள்களைப் பார்த்துவிட்டு, "இவங்க வூட்ல இன்னாதான்டீ சமைக்கறாங்க?" என்று கேட்டாய். சீனாவும் ஜப்பானும் சொந்தப் படகோடு வந்திருந்தன. நமக்கு வாடகைப் படகு. முன் இருக்கை உனக்குக் கொஞ்சம் அகலம், ஒரு துண்டை மடித்து இடுப்போரம் செருகிக்கொண்டாய். ஐந்நூறு மீட்டர். முதல் சுற்றில் தப்பித்தோம். அரையிறுதியில் நன்றாகவே ஓட்டினோம். இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம் என்று பலகையில் பெயர் பார்த்ததும் நீ அழுதாய், நான் சிரித்தேன். வழக்கமாக அது தலைகீழாக நடக்கும்.

இறுதிப் போட்டி அன்று காலை உன்னால் முடியைத் தூக்கிக் கட்ட முடியவில்லை. நான்தான் பின்னிவிட்டேன். மகளிர் அணியோடு உதவிக்கு வந்திருந்த சேச்சி இரண்டு தடவை கேட்டார், "முடியுமா மோளே? இல்லைன்னா இறங்கிடலாம்." பிசியோ மறுபடியும் பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டார். இரண்டு தடவையும் நீ, "ஓட்டுறேன் சேச்சி" என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு ஒரு நாள். ஊருக்குப் போயி ஒரு மாசம் குப்புறப் படுத்துத் தூங்கறேன்" என்றாய்.

ஓட்டம் தொடங்கியது எனக்குச் சரியாக நினைவில்லை. தண்ணீர் வாரியடித்தது, உன் முதுகு முன்னால் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு போனேன். பாதி தூரம் தாண்டியபோது நம் இடப்பக்கத்தில் இருந்த படகின் மூக்கு மெல்லப் பின்னுக்குப் போயிற்று. பிறகு இன்னொன்று. பக்கத்தில் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் தெரிந்தது. நமக்கு முன்னால் இரண்டு படகுகள்தான். நீ வேகத்தைக் கூட்டினாய். எல்லைக்கோட்டுக்கு முன்னால் மிதவைகளின் நிறம் சிவப்பாக மாறும் இல்லையா, அந்தச் சிவப்புக்குள் நுழைந்தோம்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த தென்னை மட்டையை முட்டியில் வைத்து ஒடிப்பது மாதிரி. உன் முதுகு ஒரு மனித முதுகு திரும்பக்கூடாத விதத்தில் திரும்பியது. துடுப்பு கையை விட்டுப் போனது. அடுத்து இரண்டு பேரும் தண்ணீருக்குள் இருந்தோம்.

நான் மேலே வந்து உன்னைத் தேடினேன். படகுக்கு அந்தப் பக்கம் உன் தலை தெரிந்தது. நீந்தி வந்து உன் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். பின்தங்கியிருந்த படகுகள் எல்லாம் நம்மைக் கடந்து போயின. ஒவ்வொன்றின் அலையும் முகத்தில் வந்து அறைந்தது.

"கஜா, கை வரலடீ."

"பேசாத. எம் மேல சாஞ்சிக்க."

"கோடு எவ்ளோ தூரம்?"

திரும்பிப் பார்த்தேன். ஒரு கல்லை எறிந்தால் விழுகிற தூரம். "தோ, கிட்டத்துலதான்" என்றேன்.

"மூணாவதா போய்கினு இருந்தோமில்ல?"

"ஆமாடீ."

"பாத்தேன். ஓரக்கண்ணால பாத்துட்டேன்" என்றாய். உன் உதடு நீலம் பாரித்திருந்தது. மீட்புப் படகு வரும்வரை நீ கோட்டின் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். முடிவுப் பலகையில் நம் பெயருக்கு எதிரே இடம் போடவில்லை. ஓட்டத்தை முடிக்காதவர்கள் என்று போட்டிருந்தார்கள்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். எத்தனை நாளாக நோவு என்று கேட்டார். பிறகு சேச்சியை மட்டும் வெளியே அழைத்துப் போனார். கண்ணாடிக் கதவின் வழியாக சேச்சி சுவரில் கை வைத்து நிற்பதைப் பார்த்தேன். நீ மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். துடுப்பு போட்டதால் உடைந்த எலும்பு இல்லை அது. உள்ளே ஏதோ ஒன்று அரித்து வெற்றுக் கூடாக்கி வைத்திருந்த எலும்பு. எந்த நாள் வேண்டுமானாலும், தலை சீவும்போதுகூட, உடைந்திருக்கும்.

சென்னையில் அதற்குப் பெயர் சொன்னார்கள். எலும்பில் வரும் புற்றுநோய். ஆளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அப்பா என் எதிரே வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அந்தப் படகுதான் எம் பிள்ளைய இப்படி ஆக்கிட்டு. நீ இனிமே இங்க வராத" என்றார்.

பஸ் பிடித்துக் காத்திவாக்கம் வந்தேன். கொட்டகைப் பக்கமே போகவில்லை. உன் கையை எடுத்த அன்று நான் அம்மாவோடு கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் தடவிக்கொண்டிருந்தேன். கையில் என்ன மாட்டியது என்றே பார்க்காமல் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். "ஏய், நண்டைப் போடறடீ" என்று அம்மா சொன்ன பிறகுதான் விரலில் ரத்தம் வருவதைக் கவனித்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் உன் அப்பா எங்கள் தெருவுக்கு வந்தார். வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிப் பிடித்துக்கொண்டு, காய்கிற கருவாட்டுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி, வீடு வீடாக என் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார். என் அப்பா எழுந்து, "உள்ள வாங்க அண்ணாச்சி, குந்துங்க" என்று பெஞ்சைத் துடைத்தார். அவர் உட்காரவில்லை.

"டாக்டர் சொல்லிட்டாரு மக்கா, படகுனால இல்லியாம்" என்றார் என்னைப் பார்த்து. "கைய எடுத்ததுக்கு அவ அழல. நீ வரலன்னுதான் அழுதுட்டு இருக்கா. சாப்பிட மாட்டேங்கா. நான் பேசுனதை மனசுல வச்சுக்காத. வா."

நான் காலில் செருப்பு போட்டுக்கொண்டேனா என்பதுகூட நினைவில்லை. அவரோடு கிளம்பி வந்துவிட்டேன்.

நீ உங்கள் வீட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தாய். தலையில் முடி இல்லை. நைட்டியின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"நல்லா பாத்துக்க. அப்பறம் திருட்டுத்தனமா பாக்காத" என்றாய். பார்த்தேன். பிறகு இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டு உன் அம்மா காபி கொண்டு வரும்வரை அழுதோம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தேன். முகாமில் என்னை வேறொரு பெண்ணோடு சேர்க்கப்போவதாகச் சேச்சி சொல்லியிருந்தார். நான் மாட்டேன் என்றிருந்தேன். அது உன் காதுக்கு எப்படியோ வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும், "கட்டில்ல குந்து. எனக்கு முதுகு காட்டிக் குந்து" என்றாய். குந்தினேன். நீ நகர்ந்து வந்து என் பின்னால் உட்கார்ந்தாய். உன் இடது உள்ளங்கையை என் முதுகில் வைத்தாய்.

"உன் முதுகு இப்டியா கீது? இத்தினி வருசத்துல நான் பாத்ததே இல்லடீ."

நான் அசையாமல் இருந்தேன்.

"போடு" என்றாய்.

"இன்னாத்த போட?"

"துடுப்பு. கைல துடுப்பு கீதுன்னு நெனச்சிகினு போடு. நீதான் இனிமே முன்னாடி."

கட்டிலில் உட்கார்ந்து காற்றில் துடுப்பு போட்டேன். கட்டில் கிறீச்சிட்டது. சமையலறையிலிருந்து உன் அம்மா, "ஏட்டி, என்னத்த உடைக்கிய?" என்று கேட்டார். நீ முதுகில் தட்டித் தட்டி வேகம் சொன்னாய். அவசரப்படாதே, உனக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குப் புரியும்படி இறக்கு என்றாய். அந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கட்டில்தான் நமக்குப் படகு. சில நாள் உனக்குத் தட்டத் தெம்பிருக்காது, உள்ளங்கையை வைத்தபடியே இருப்பாய். எனக்கு உன் சூடு தெரியும்.

ஒரு நாள் நான் சொல்லிவிட்டேன். "முன்னாடி குந்தினா பயமா கீதுடீ. எதிர்ல ஒண்ணுமே இல்ல."

"தண்ணி கீதே" என்றாய். "எனக்கு மட்டும் எதிர்ல யாரு இருந்தா? பின்னால நீ இருந்த, அத நெனச்சிகினு போனேன்."

நோய் நுரையீரலுக்குப் போனது. அதை என்னிடம் உன் அப்பாதான் சொன்னார், கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று, எடைத்தட்டைத் துடைத்தபடி. நான் போபால் போவதில்லை என்று முடிவு செய்தேன். நீ என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. கடைசியில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிய பிறகுதான் சிரித்தாய்.

முகாமில் எனக்குப் பின்னால் உட்கார வந்தவள் ரோஷ்னி. போபால் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. போனில் நீ கேட்கிற முதல் கேள்வி அவளைப் பற்றியதாகவே இருக்கும். கடைசியாக நாம் பேசியபோது உன் குரல் மூச்சுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தது.

"அவ உன் முதுகப் பாத்துகினு கீறாளா?"

"வேற எங்க பாப்பா? அதான் பாத்துகினு கீறா."

"அப்ப நேரா குந்து. கூன் போடாத" என்றாய். அதற்குமேல் பேச முடியவில்லை உன்னால். உன் அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

ஒரு மதியம் ஏரியிலிருந்து கரையேறியதும், முகாமுக்கும் உதவிக்கு வந்திருந்த சேச்சி என் போனை நீட்டினார். "மக்கா, பாப்பா போயிட்டா" என்றார் உன் அப்பா. ரயில் ஏறி வந்தேன். எனக்காகக் காத்திருந்தார்கள். கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. மாடியில் பெட்டிக்குள் நீ வெள்ளை உடையில் இருந்தாய். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாருட்டி கஜா, மூச்சு வாங்காமத் தூங்குதா. எத்தனை நாளாச்சு" என்றார்.

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போது நான் ஓரமாகத்தான் நின்றிருந்தேன். உன் அப்பா திரும்பிப் பார்த்தார். "பின்னாடி நீ பிடி மக்கா" என்றார். சொந்தக்காரர் ஒருவர், பொம்பளப் பிள்ளை எதுக்கு என்று முணுமுணுத்தார். "அது அவ எடம்" என்றார் உன் அப்பா. பின்பக்க மூலையைப் பிடித்தேன். நீ இவ்வளவு லேசாக இருப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குழி வரைக்கும் வந்தேன்.

அதற்குப் பிறகு துடுப்பைத் தொடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் முகாமுக்குத் திரும்பினால் ரோஷ்னி தனியாகக் கரையில் உட்கார்ந்திருப்பாள், என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. அவளும் ஒரு வருடத்தை இதில் போட்டவள். ஒரு நாள் போய்ப் படகில் ஏறினேன். முன் இருக்கையில்.

போன கோடையில் உஸ்பெகிஸ்தானில் ஆசியப் போட்டி. இறுதிப் போட்டிக்கு வந்தோம். சிவப்பு மிதவைகள் தொடங்கியதும் என் காது அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. துடுப்பு, தண்ணீர், பின்னால் ரோஷ்னியின் மூச்சு, அவ்வளவுதான். கோட்டைத் தாண்டினோம். ஐந்தாவது இடம். ஐந்தாவதுக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். நான் துடுப்பைக் குறுக்கே வைத்துக் கவிழ்ந்து அழுதேன். தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்து ரோஷ்னி முதுகைத் தடவிக்கொடுத்தாள். நாம் இருவரும் சேராமல் விட்ட அந்தக் கொஞ்சத் தண்ணீரை நான் மட்டும் கடந்துவிட்டேன் என்பதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

அன்று சாயங்காலம் சேச்சி என்னை அழைத்து, எடுத்திருந்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்.

"கஜா, இங்க பாரு. வலது பக்கம் துடுப்பு தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிக்குது. கடைசி நூறு மீட்டர்ல பாரு, ஒவ்வொரு தடவையும். உனக்கு முன்பு இது கிடையாதே. எங்கிருந்து வந்தது?"

கையில் நோவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஏதோ யோசித்து, போனில் பழைய படங்களைத் தேடி, தாய்லாந்தில் நாம் ஓட்டிய அரையிறுதியை எடுத்தார். அதையும் மெதுவாக ஓட விட்டார். நீ முன்னால், நான் பின்னால். உன் வலது கை இறங்கப்போகிறது. தண்ணீருக்கு மேலே ஒரு கணம் தயங்குகிறது. பிறகு இறங்குகிறது. உன் பின்னால் என் கையும் அதே இடத்தில் தயங்கி அதே நேரத்தில் இறங்குகிறது. இரண்டு பேரும் ஒன்றாகவே தயங்கியதால் அன்றைக்கு யார் கண்ணுக்கும் அது படவில்லை. நன்றாக ஒத்துப் போகிறார்கள் என்று பாராட்டினார்கள்.

சேச்சி போனை அணைத்துவிட்டார். அப்புறம் மறுபடியும் எடுத்து உஸ்பெகிஸ்தான் வீடியோவைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ரோஷ்னியின் கையும் அங்கே நின்றது.

இதைத் திருத்த வேண்டும். அடுத்த போட்டிக்கு நாள் நெருங்குகிறது, அந்தத் தயக்கத்தில் நேரம் வீணாகிறது. முகாமில் சேச்சி தினமும் சொல்கிறார், நானும் தினமும் முயல்கிறேன். உடம்பில் தெம்பு இருக்கும்வரை சரியாகத்தான் போகிறது. மூச்சு முட்டுகிற கடைசித் தூரத்தில், நான் எதையும் நினைக்க முடியாத இடத்தில், வலது கை தானாக நின்றுவிடுகிறது. எனக்கு அங்கே எந்த நோவும் கிடையாது. உனக்கு நொந்த இடம் அது. நீ நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் ரோஷ்னியும் நிற்கிறாள், உன்னை ஒரு தடவைகூடப் பார்த்திராதவள்.